இணையத் தொலைக்காட்சிக் கருவிகளின் விலையும் பெறுமதியும் – ஒரு வரலாற்று நோக்கு

பொருளொன்றின் விலை வேறு, அதன் பெறுமதி வேறு என்பது பொருளியல் கற்போர் யாவரும் அறிந்த பாலபாடமாகும். எனினும் ஒரு பொருள் மலிவடையும்போது, அதனை மலிவாக்கியவர் யார், எதன்பொருட்டு மலிவாக்கினர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இணையத்தின் வழியே வரும் திரைப்படங்களையும் பிற நிகழ்ச்சிகளையும், முழுமையாக இறக்கிச் சேமித்து வைக்காது, வந்துகொண்டிருக்கும்போதே வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிற் காட்டும் முறை ‘ஸ்ட்ரீமிங்’ எனப்படும். இதற்கென ஐக்கிய அமெரிக்காவிலே சந்தைக்கு வந்த சிறு கருவிகளுள் ஒன்று 2007 ஆம் ஆண்டில் 299 டொலருக்கு விற்கப்பட்டது. 2013 இல் வந்த மற்றொன்றின் விலை 35 டொலர் மாத்திரமே. ஆறாண்டுக் காலத்தில் விலை எட்டிலொரு பங்கினும் குறைந்துவிட்டது. இவ்வீழ்ச்சிக்கு மின்னணுத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சி ஒரு காரணமே. விற்போரின் வருவாய் பெட்டியிலிருந்து வேறிடத்துக்குப் பெயர்ந்தமை அதனினும் முக்கியமான காரணமாகும். இப்பெயர்ச்சியை விளங்கிக்கொள்ளாது, இக்கருவிகள் கொடுக்கும் விலைக்குத் தகுந்தவையா என்னும் வினாவுக்கு விடை காணல் இயலாது.

வானொலி காட்டும் முன்னுதாரணம்

வீட்டுக்கு வாங்கும் பெட்டிக்கும் அப்பெட்டியின் வழி வரும் நிகழ்ச்சிக்கும் இடையேயுள்ள வாணிகத் தொடர்பு நூறாண்டுப் பழைமையுடையது. 1920 ஆம் ஆண்டில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொறியியலாளரான ஃபிராங்க் கொன்றாட் தம் இல்லத்திலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பி வந்தார். அவ்வாண்டு செப்தெம்பரில், அவ்வொலிபரப்பைக் கேட்பதற்கான கருவிகள் 10 டொலர் முதல் கிடைக்குமெனப் பிட்ஸ்பேர்க் நகரத்துப் பல்பொருள் அங்காடியொன்று பத்திரிகையில் விளம்பரஞ் செய்தது. இவ்விளம்பரத்தைக் கண்ணுற்ற நிறுவனத் துணைத் தலைவர் ஹரி டேவிஸ், நாடோறும் ஒலிபரப்பு நிகழுமாயின் மக்கள் பெட்டிகளை வாங்குவர் என உணர்ந்தார். அதன் விளைவாக 1920 நவம்பர் 2 ஆம் திகதி கே.டி.கே.ஏ. வானொலி நிலையம் ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பித் தன் பணியைத் தொடங்கியது. அங்கே நிகழ்ச்சி இலவசமாக வழங்கப்பட்டது. பெட்டி விற்பனையே வருவாயாயிற்று.

இந்நிலை நீடிக்கவில்லை. 1922 ஓகஸ்ட் 28 ஆம் திகதி, நியூயோர்க்கில் அமெரிக்கத் தொலைபேசி தந்தி நிறுவனம் நடத்திய டபிள்யூ.ஈ.ஏ.எஃப். நிலையம், வீட்டுமனை நிறுவனமொன்றிடம் 50 டொலர் பெற்று அதன் விளம்பர உரையை ஒலிபரப்பியது. பெட்டியை வாங்குவோருக்காக நிகழ்ச்சி என்றிருந்த முறை மாறி, கேட்போரின் செவியையே விளம்பரகாரருக்கு விற்கும் முறை அன்று உருவாயிற்று. பெட்டியில் இலாபம், நிகழ்ச்சியில் இலாபம், கேட்போரின் கவனத்தில் இலாபம் என்னும் மூன்று வழிகளும் இவ்விரண்டாண்டு வரலாற்றிலேயே கருக்கொண்டுவிட்டன எனலாம். பிற்கால இணையக் கருவிகள் இவ்வழிகளையே மீண்டும் ஒவ்வொன்றாகக் கடந்து சென்றன.

வாடகைப் பெட்டியின் காலம்

இணையக் கருவிகள் மக்களிடையே வரவேற்புப் பெற்றமைக்கு, அவற்றுக்கு முன்னிருந்த நிலையே தலையாய காரணமாகும். அமெரிக்க இல்லங்களிற் பெரும்பாலானவை கேபிள் அல்லது செய்மதி நிறுவனங்களின் வழியே தொலைக்காட்சி பெற்றன. அந்நிறுவனங்கள் வழங்கும் அலைவரிசைகளைக் காண்பதற்கு வேண்டிய பெட்டி அவற்றிடமிருந்தே வாடகைக்குப் பெறப்பட்டது. பல ஆண்டுகள் வாடகை செலுத்தினும் அப்பெட்டி ஒருபோதும் வாடிக்கையாளருக்குச் சொந்தமாகாது. இந்நிலையை மாற்றும் நோக்குடன் 1996 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், அப்பெட்டிகளைப் பிற விற்பனையாளரிடமும் மக்கள் வாங்கத்தக்கதாகச் செய்யுமாறு சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவைப் பணித்தது. ஆயினும் நடைமுறையிற் பெருமாற்றம் நிகழவில்லை. 2015 இல் செனற்றர்களான எட்வேர்ட் மார்க்கியும் ரிச்சர்ட் புளூமென்தாலும் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் இல்லம் சராசரியாக ஆண்டொன்றுக்கு 231 டொலரைப் பெட்டி வாடகையாக மாத்திரம் செலுத்தி வந்தது. 2016 இல் ஆணைக்குழு இச்சந்தையைத் திறந்துவிட முன்வைத்த திட்டமும் 2017 ஜனவரியிற் கைவிடப்பட்டது.

இவ்வாடகையுடன் ஒப்பிடுமிடத்து இணையக் கருவியின் விலை மிக அற்பமானதாகவே தோன்றும். மாதமொன்றுக்கு ஏறக்குறைய 19 டொலர் வாடகை செலுத்திய ஒருவர், கேபிள் சேவையை முற்றாகத் துறந்தாராயின், 35 டொலர்க் கருவியின் விலையை இரண்டு மாதத்துள்ளும், 99 டொலர்க் கருவியின் விலையை ஆறு மாதத்துள்ளும் ஈடுசெய்துகொள்ளலாம். சட்டத்தாற் சாதிக்க முடியாத விடுதலையை ஒரு சிறு கருவி சாதித்தது என்னும் எண்ணம் இதனாலேயே பரவிற்று. அவ்வெண்ணத்திற் பெருமளவு உண்மையும் உண்டு. ஆயினும் கேபிள் சேவையையும் வைத்துக்கொண்டு இக்கருவியையும் வாங்கிய இல்லங்களுக்கு இது சேமிப்பன்று, மேலதிகச் செலவேயாகும்.

விலை வீழ்ந்த வரலாறு

2007 மார்ச்சில் அப்பிள் நிறுவனம் ‘அப்பிள் ரீவி’ என்னும் கருவியை 299 டொலருக்கு வெளியிட்டது. அதனுள் 40 கிகாபைற் கொள்ளளவுடைய வன்தட்டு ஒன்று இருந்தது. கணினியிலுள்ள படங்களையும் இசையையும் தொலைக்காட்சிக்குக் கொண்டுவருவதே அதன் முதற்பணியாயிருந்தது. அந்நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் இதனைத் தமது நிறுவனத்தின் ஒரு பொழுதுபோக்கு முயற்சியென்றே வருணித்தார்.

அதே ஆண்டு ஜனவரியில், அஞ்சல்வழி டிவிடி வாடகைக்கு விடும் நிறுவனமாயிருந்த நெட்ஃபிளிக்ஸ், இணையவழிக் காட்சிச் சேவையை ஆரம்பித்தது. தொலைக்காட்சியில் அதனைக் காட்டுதற்கென ஒரு பெட்டியையும் அந்நிறுவனம் உருவாக்கியது. ஆனால் அது வெளிவரும் தறுவாயில், தாமே பெட்டி விற்பின் ஏனைய உற்பத்தியாளர் தம் சேவையைத் தமது கருவிகளிற் சேர்க்கத் தயங்குவரென அஞ்சி, தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் அத்திட்டத்தைக் கைவிட்டார். அப்பெட்டி அன்ரனி வூட் என்பாரின் ரோக்கு நிறுவனத்தின் பெயரில் 2008 மே மாதம் 99.99 டொலருக்கு வெளியாயிற்று. வன்தட்டு அதில் இல்லை. சேமிப்பு யாவும் தொலைவிலுள்ள கணினிகளின் பொறுப்பாயின. 2010 இல் அப்பிளும் வன்தட்டை நீக்கித் தன் கருவியை 99 டொலருக்கு விற்றது.

விலை குறைப்பு மாத்திரமே வெற்றிக்குப் போதுமானதன்று என்பதை லொஜிடெக் நிறுவனத்தின் அனுபவம் உணர்த்துகின்றது. கூகிளின் மென்பொருளைக் கொண்ட ‘ரெவ்யூ’ என்னும் அதன் கருவி 2010 ஒக்தோபரில் 299 டொலருக்கு வந்தது. ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய பெரும் ஒளிபரப்பு நிறுவனங்கள் தம் இணையத்தள நிகழ்ச்சிகளை அக்கருவியிற் காணவொட்டாது தடுத்தன. காண்பதற்குரிய நிகழ்ச்சி இல்லாத கருவியை மக்கள் விரும்பவில்லை. 2011 இல் விலை முதலில் 249 ஆகவும் பின்னர் 99 ஆகவும் குறைக்கப்பட்டது. இம்முயற்சியினால் நிறுவனம் 100 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட இலாபத்தை இழந்ததென அதன் தலைவரே அவ்வாண்டு நவம்பரிற் கூறினார். கூகிள் 2012 இல் 299 டொலர் விலையில் அறிவித்த ‘நெக்சஸ் கியூ’ கடைகளுக்கு வரவேயில்லை. முன்பதிவு செய்தோருக்கு அது இலவசமாக அனுப்பப்பட்டது.

இத்தோல்விகளின் பின்னரே 2013 ஜூலையிற் கூகிள் ‘குரோம்காஸ்ட்’ என்னும் விரலளவுக் கருவியை 35 டொலருக்கு வெளியிட்டது. தொடக்கத்தில் அதனுடன் 24 டொலர் பெறுமதியான மூன்று மாத நெட்ஃபிளிக்ஸ் சேவையும் வழங்கப்பட்டது. அவ்வாறு வாங்கியோருக்குக் கருவியின் மெய்விலை 11 டொலராயிற்று. கேட்போர் மிகுந்தமையால் அச்சலுகை சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. 2014 நவம்பரில் அமேசன் 39 டொலர்க் கருவியுடன் இப்போட்டியிற் கலந்துகொண்டது.

இலாபம் இடம்பெயர்ந்த விதம்

இத்தகைய விலைக்குப் பெட்டி விற்போர் எங்ஙனம் வாழ்வர் என்பதே அடுத்து எழும் வினாவாகும். மக்கள் கருவியை வாங்கும்போதன்றி அதனைப் பயன்படுத்தும்போதே தாம் வருவாய் பெற விரும்புவதாக, அமேசனின் ஜெஃப் பேசோஸ் 2012 இல் தம் நிறுவனத்தின் வாசிப்புக் கருவிகள் தொடர்பாக வெளிப்படையாகவே கூறினார். ரோக்குவின் கணக்குகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. 2018 இல் விளம்பரமும் சந்தாப் பங்கும் தந்த வருவாய் முதன்முறையாகக் கருவி விற்பனை வருவாயை விஞ்சியது. 2024 இல் அந்நிறுவனம் ஈட்டிய ஏறக்குறைய 4.1 பில்லியன் டொலரில் 3.5 பில்லியன் அவ்வழியிலேயே வந்தது. கருவிப் பிரிவோ நட்டத்தில் இயங்கிற்று.

நட்டத்துக்கு விற்கப்படும் பெட்டி, அதனை வாங்கியோரின் கவனத்தை விற்றே அந்நட்டத்தை ஈடுசெய்யவேண்டும். 2019 இல் பிரின்ஸ்டன், சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர், ரோக்குவில் ஆராய்ந்த அலைவரிசைகளில் 69 வீதத்திலும் அமேசன் கருவியில் 89 வீதத்திலும் பார்வையாளரைப் பின்தொடரும் மென்பொருள்களைக் கண்டனர். இதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 11 மில்லியன் தொலைக்காட்சிப் பெட்டிகளின் வழியே பார்ப்போரின் இணக்கமின்றித் தகவல் திரட்டிய குற்றச்சாட்டின்பேரில், விஸியோ நிறுவனம் 2.2 மில்லியன் டொலர் செலுத்தச் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழுவுடன் உடன்பட்டது.

வாசலைக் காப்பவருக்கும் உள்ளே பொருள் விற்பவருக்கும் இடையிலான பிணக்குகளும் இதன் விளைவுகளே. 2020 மேயில் எச்.பி.ஓ. மக்ஸ் சேவை தொடங்கியபோது ரோக்குவிலும் அமேசன் கருவியிலும் அது கிடைக்கவில்லை. முன்னதில் டிசெம்பரிலும் பின்னதில் நவம்பரிலுமே இணக்கம் ஏற்பட்டது. அவ்விடைக்காலத்திற் பணங் கொடுத்துக் கருவி வாங்கியோர், தம்முடையதல்லாத ஒரு பேரத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியவராயினர்.

கருவியின் ஆயுள்

பழைய வானொலிப் பெட்டி பழுதுபடும்வரை பாடிற்று. இணையக் கருவியோ பழுதுபடாமலே மடியக்கூடியது. வீட்டுத் தொலைக்காட்சியை வெளியூரிலிருந்து காண உதவும் ‘ஸ்லிங்பொக்ஸ்’ 2005 இல் 250 டொலர் அளவிலான விலைக்கு வந்தது. அதனை இயக்கிய மையக் கணினிகள் 2022 நவம்பர் 9 ஆம் திகதி நிறுத்தப்பட்டபோது, நல்ல நிலையிலிருந்த கருவிகளும் ஒரேநாளிற் பயனற்றுப்போயின. 2019 டிசெம்பரில் ரோக்குவின் சில பழைய வகைகளில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோயிற்று. 2025 மார்ச்சில், பத்தாண்டு செல்லுபடியாகும் மின்னணுச் சான்றிதழொன்று காலாவதியானமையால் இரண்டாந் தலைமுறைக் குரோம்காஸ்ட் கருவிகள் உலகெங்கும் செயலிழந்தன. கூகிள் சில நாட்களிற் திருத்தம் வழங்கியமையால் அவை மீண்டன. எனினும் வாங்கிய பொருளின் உயிர் விற்றவர் கையிலேயே இருந்தது என்பதை அந்நிகழ்ச்சி யாவருக்கும் உணர்த்திற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இக்கருவிகளின் விலை இல்லமொன்று செலுத்தும் மொத்த விலையில் மிகச் சிறிய கூறேயென்பது புலனாகும். 2010 இல் அமெரிக்காவில் 7.99 டொலராயிருந்த நெட்ஃபிளிக்ஸ் மாதக் கட்டணம், விளம்பரமற்ற பொது வகுப்புக்கு 2025 ஜனவரியில் 17.99 டொலராயிற்று. ஆண்டொன்றுக்கு இது ஏறக்குறைய 216 டொலர். கேபிள் பெட்டிக்குச் செலுத்திய வாடகையை ஒரு சேவையே ஏறக்குறைய எட்டிவிட்டது. 2024 ஜனவரி முதல் அமேசனின் காட்சிச் சேவையிலும் விளம்பரம் புகுந்தது. அதனைத் தவிர்க்க மாதம் 2.99 டொலர் மேலதிகமாகக் கேட்கப்பட்டது. வாடகையிலிருந்து தப்பிய இல்லம் சந்தாவுக்கும் விளம்பரத்துக்கும் ஆட்பட்டது என்பதே இவ்வரலாற்றின் சாரமாகும்.

அதனால் இக்கருவிகள் வீண் என்பது பொருளன்று. நல்ல திரையுடைய பழைய தொலைக்காட்சிக்குச் சில பத்து டொலரிற் புதுவாழ்வு தருவதும், வேண்டாத நூறு அலைவரிசைகளுக்குப் பணங் கட்டும் கட்டாயத்தை நீக்குவதும் மெய்யான பயன்களே. ஒன்றிரண்டு சேவைகளுடன் அமைந்து, கேபிளைத் துறந்த இல்லத்துக்கு இவை விலைக்குத் தகுந்தனவே. பல சேவைகளையும் அடுக்கிக்கொள்வோருக்கு எவ்வளவு மலிந்த கருவியும் மலிவானதன்று. புதிய கருவி பழையதிலும் விரைவாக இயங்குகின்றது என்னும் காரணம் மாத்திரம், பழையது பணிபுரியும்வரை, அதனை மாற்றப் போதாது.

வாங்குவோரின் விவேகம் எத்துணை அவசியமாயினும், கருவியின் ஆயுளை முன்கூட்டி அறியாது பெறுமதியைக் கணித்தல் எவர்க்கும் அரிது. இவ்வகையிற் பிரித்தானியாவில் 2024 ஏப்ரில் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் கவனத்திற்குரியது. இணையத்துடன் இணையும் வீட்டுப் பொருட்களை விற்போர், அவற்றுக்கு எக்காலம்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படுமென்பதைத் தெரிவித்தல் வேண்டுமென அது விதிக்கின்றது. திருத்தம் நின்றபின்னும் கருவி பயன்படவேண்டும் என அச்சட்டம் கூறவில்லை. எனினும் விலைச்சீட்டில் எழுதப்படாதிருந்த ஒரு செலவை வாங்குவோர் கண்முன் வைப்பதற்கு அது வழி செய்துள்ளது. அத்தகைய விதிகள் ஏனைய நாடுகளிலும் பரவும்போதே, 35 டொலர் என்பது ஒரு பொருளின் விலையா, ஒரு வாசலின் நுழைவுக் கட்டணமா என்பதை மக்கள் அறிந்து தெரிவுசெய்ய இயலும்.