உச்சந்தலையால் தள்ளிய வண்டி

1842ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட அறிக்கையில், ஹாலிஃபாக்ஸ் வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கமொன்றில் வேலை செய்த 17 வயதுப் பெண்ணின் வாக்குமூலம் இருக்கிறது. பெயர் பேஷன்ஸ் கெர்ஷா. விடிகாலை 5 மணிக்குச் சுரங்கத்தில் இறங்கினால் மாலை 5 மணிக்குத்தான் வெளியே வருவார். ஏறத்தாழ 150 கிலோ எடையுள்ள கரிவண்டியை ஒரு மைலுக்கு மேல் தள்ளிப்போய்த் திரும்ப வேண்டும். நாளொன்றுக்கு 11 நடை. மதியம் உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது. கொண்டுவந்த கேக்கை நடந்தபடியே தின்றுகொள்வார். வண்டியைத் தலையால் முட்டி முட்டித் தள்ளியதில் உச்சந்தலை முடி தேய்ந்து வழுக்கை விழுந்திருந்தது.

இத்தனைக்கும் அது சக்கரம் வைத்த வண்டி.

சுரங்கத்தில் சுமையை எளிதாக நகர்த்தும் வித்தை அப்போதே பழையது. 1556இல் வெளியான ‘தெ ரெ மெட்டாலிக்கா’ என்ற சுரங்கத் தொழில் நூலில் அதன் ஆசிரியர் அக்ரிகோலா ஒரு வண்டியை விவரிக்கிறார்: நான்கு சிறு சக்கரங்கள், அடியில் ஓர் இரும்பு முளை. தரையில் பரப்பிய பலகைகளின் இடைவெளியில் முளை ஓடுவதால் வண்டி வழிவிலகாது. ஓடும்போது எழும் சத்தம் குரைப்பதுபோல இருந்ததால் சுரங்கத்தார் அதை ‘நாய்’ என்றார்கள். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைவிட ஒன்றரை மடங்கு சரக்கு பிடிக்கும்.

1604இல் நாட்டிங்ஹாம் அருகே வொல்லட்டனில் ஹன்டிங்டன் போமன்ட் இரண்டு மைல் நீளத்துக்கு மரத் தண்டவாளம் போட்டார். 1780களில் ஷெஃபீல்டின் ஜான் கர், சுரங்கத்துக்குள்ளேயே வார்ப்பிரும்புத் தண்டவாளத்தைப் பதித்தார். சேற்றிலும் கல்லிலும் சறுக்குப்பெட்டியை இழுத்த இடத்தில் சக்கரம் உருண்டது. ஒரே ஆள் முன்பைவிடப் பல மடங்கு கரியை நகர்த்த முடிந்தது.

ஆனால் மிச்சமான பலம் தள்ளுபவருக்கு ஓய்வாகக் கிடைக்கவில்லை. கூடுதல் கரியாகத்தான் மேலே போனது. மெல்லிய கரிப்படுகைகளில் பாதையின் உயரம் சில இடங்களில் இரண்டடிகூட இல்லை. கூரைப் பாறையை வெட்டி உயர்த்தினால் மட்டக்குதிரையைப் பூட்டலாம். அதற்குக் காசு செலவாகும். குனிந்து தவழக்கூடிய பிள்ளைகளுக்கான கூலியோ சொற்பம். லங்காஷயரின் லிட்டில் போல்டனில் 37 வயது பெட்டி ஹாரிஸ், இடுப்பில் வார்ப்பட்டை கட்டி, அதில் மாட்டிய சங்கிலியைக் கால்களுக்கிடையே விட்டு, நான்கு காலில் ஊர்ந்து வண்டி இழுத்தார். வயிற்றில் பிள்ளையோடும் இழுத்திருக்கிறார்.

இந்த விவரங்களை வெளியே கொண்டுவரத் தூண்டியது ஒரு விபத்து. 1838 ஜூலை 4 அன்று யார்க்ஷயரின் சில்க்ஸ்டோன் ஊரில், ஹஸ்கர் சுரங்கத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து 26 பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களில் மிக இளைய பிள்ளைக்கு வயது ஏழு. 1840இல் விசாரணைக் குழு அமைந்தது. அதன் அறிக்கையில் சங்கிலி பூட்டி இழுக்கும் பிள்ளைகளின் படங்களும் இருந்தன; நாடே அதிர்ந்தது. ஆஷ்லி பிரபு கொண்டுவந்த சட்டம், 1842 ஆகஸ்டில் பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது.

பிழைப்பை இழந்த பெண்களுக்கு அந்தச் சட்டம் மாற்று வேலை எதையும் தரவில்லை. சிலர் ஆண் வேடமிட்டு மறுபடி இறங்கினார்கள். சுரங்கத்தின் அடியில் இறங்கிச் சோதிக்கும் அதிகாரிகளை 1850ஆம் ஆண்டின் சட்டம்தான் ஏற்படுத்தியது. பத்து வயதைக் கடந்த சிறுவர்கள் தள்ளிக்கொண்டேதான் இருந்தார்கள்; நிலத்தடி வேலைக்கான வயது வரம்பு 1900இல் 13 ஆகவும் 1911இல் 14 ஆகவும் உயர்ந்தது.

இதற்கிடையில் மட்டக்குதிரைகள் பெருகின. நீராவி எந்திரம் சுழற்றிய கம்பிவடம் பெரிய பாதைகளில் வண்டித் தொடரையே இழுத்தது. விலங்குகளுக்காகவும் விதிகள் எழுதப்பட்டன. 1887ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில், குதிரை போகும் பாதை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு: அது கூரையில் உரசாமல் போகும் அளவுக்கு இடம் விட்டிருக்க வேண்டும். பேஷன்ஸ் கெர்ஷா தன் தலை வழுக்கையானதைச் சொன்ன அறிக்கை வந்து அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.