மன்னர் நோயும் தோட்டத்து உணவும்



நோய்களுக்கும் வரலாறு உண்டு. அரசுகள் எழுந்து மறைவதைப் போலவே, ஒரு நோயைப் பற்றி மக்கள் கொள்ளும் எண்ணமும் பிறந்து, வளர்ந்து, மாறுகின்றது. நள்ளிரவிலே கால் பெருவிரலில் மூண்டு, போர்வை படுவதையும் பொறுக்கவொட்டாத வலியைத் தருவது 'கவுட்' என்னும் மூட்டு நோய். அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

மேனாட்டார் இதனை மன்னர் நோய் என்றனர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் நூல், மாதவிடாய் நிற்குமுன் பெண்களுக்கு இந்நோய் வருவதில்லை என்று குறித்துள்ளது. இலண்டன் மருத்துவர் தோமஸ் சிடனம், தாமே பல்லாண்டு இந்நோயால் வருந்தியவர். 1683 இல் அதைப் பற்றி நூலொன்றை எழுதினார். நம் நாடுகளின் பழைய மருத்துவமும் இதற்குப் பின்தங்கியதன்று. வடமொழிச் சரக சங்கிதை 'வாதரத்தம்' என்னும் நோயை விரிவாகப் பேசி, அதற்குச் 'செல்வர் வாதம்' எனப் பொருள்படும் ஒரு பெயரையும் தருகின்றது. உண்டு களித்து உடல் அசையாதிருப்போரின் நோய் என்பதே இரு திசையாரின் எண்ணமுமாகும்.

நோயின் காரணம் வெளிப்பட்டது பதினெட்டாம் நூற்றாண்டிலேதான். 1776 இல் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷீலே, சிறுநீர்க் கற்களில் ஓர் அமிலத்தைக் கண்டார். அதுவே யூரிக் அமிலம். 1797 இல் ஆங்கிலேயரான உல்லாஸ்டன், நோயாளியின் மூட்டில் திரண்ட கட்டியிலும் அதே பொருள் இருப்பதைக் காட்டினார். 1848 இல் அல்பிரட் கரொட் என்னும் மருத்துவர், இந்நோயாளரின் இரத்தத்தில் அவ்வமிலம் மிகுந்திருப்பதை நிறுவினார். ஊழ்வினை என்றும் கெட்ட நீர் என்றும் சொல்லப்பட்டது, அளந்தறியக்கூடிய ஒரு பொருளாயிற்று.

இவ்வமிலம் எங்கிருந்து வருகின்றது? நம் உடற்கலங்களின் கருவிலும், நாம் உண்ணும் உயிர்ப்பொருள்களின் கருவிலும் பியூரின் என்னும் பொருள் உண்டு. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகின்றது. இதில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு உடலுக்குள்ளேயே பிறப்பது. உணவால் வருவது மூன்றில் ஒரு பங்கே. பெரும்பாலான விலங்குகள் இதனை மேலும் கரைத்து வெளியேற்றும் நொதியம் ஒன்றை உடையன. மனிதனின் மூதாதையர் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அந்நொதியத்தை இழந்துவிட்டனர். ஆகவே சிறுநீரகமே நமக்குப் பெருந்துணை. இரத்தத்தில் நூறு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராமுக்கு மேல் இவ்வமிலம் நிற்குமாயின், அது ஊசிபோன்ற பளிங்குகளாய் மூட்டில் படிய இடமுண்டு.

இனி நம் சப்பிரகமுவைக்கு வருவோம். களனி கங்கைக் கரையில், கித்துல் மரத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது கித்துல்கல. அதன் அருகிலுள்ள பெலிலெனக் குகையில் சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்தனர். கெக்குனக் கொட்டை, காட்டு ஈரப்பலா, மர நத்தை என்பன அவர்கள் உணவு. மலையேறி இறங்கித் தேடியே உண்டனர். கோப்பிப் பயிரை 1869 இல் இலைநோய் தாக்கிய பின்னர், தேயிலையும் இறப்பரும் இம்மலைகளில் பரவின. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் பங்கீட்டரிசியும், பின்னாளில் கோதுமை மா ரொட்டியும், பருப்பும், நெத்தலிக் கருவாடும் உண்டு உழைத்தனர். அன்று இதனை மன்னர் நோயென்று ஒதுக்கிவிட இடமிருந்தது. இன்றோ லயத்து வீடுகளிலும் பெருவிரல் வீங்கியவர்களைக் காண்கின்றோம்.

அப்படிக் கண்டவிடத்து முதலில் விலக்கப்படுவது பருப்பு. ஏழைக் குடும்பத்தின் புரதம் பெரும்பாலும் அதிலேதான் இருக்கின்றது. அதனைக் குற்றவாளியாக்குவது முறையா? பழைய நூலையே கேட்போம். சரகர் இந்நோய்க்குக் காரணமாகக் கூறுவனவற்றுள் உலர்ந்த நீர்வாழ் உயிர்களின் இறைச்சியும், கரும்பும், மதுவும் உள்ளன. கொள்ளையும் உளுந்தையும் அவர் அப்பட்டியலில் சேர்த்தாரெனினும், துவரை, கடலை, பயறு, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றின் சாறு நோயாளிக்கு நல்லதென்றே உரைத்தார்.

புதிய ஆராய்ச்சியும் இதற்கு மாறானதன்று. அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004 இல் முடிவை வெளியிட்டனர். இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டோரிடம் நோய் மிகுந்தது; பியூரின் நிறைந்த பயறு, கீரை முதலிய தாவர உணவால் மிகவில்லை; பாலுணவு உண்டோரிடம் குறைந்தது. தயிரைச் சரகர் விலக்கினார். இவ்விடத்தில் புதிய அளவையே நாம் கொள்ளத்தக்கது. மதுவகைகளுள் பியர் மிகத் தீயதென்றும், சருக்கரை கலந்த குளிர்பானங்களும் தீங்கு செய்வன என்றும் பின்னர்த் தெளிவாயிற்று. இனிப்பில் உள்ள பழவெல்லம் ஈரலில் சிதையும்போது இவ்வமிலத்தைப் பெருக்குகின்றது. ஆதலால் நம்மூர்க் கித்துல் பாணியும் நோயாளிக்கு மருந்தன்று, அளவாகவே கொள்ளத்தக்கது. கித்துல் கள்ளோ விலக்கத்தக்கது.

எனவே, நோயுற்றோர் குறைக்க வேண்டியவை ஈரல் முதலிய உள்ளுறுப்பு இறைச்சி, நெத்தலி, கருவாடு, மது, இனிப்புப் பானம் என்பன. பருப்பும் கீரையும் இருக்கட்டும். வெயிலில் கொழுந்து பறிப்போரும் பால் வெட்டுவோரும் நீரை நிறையப் பருகட்டும். திடீர்ப் பட்டினி கிடத்தல் ஆகாது. அதுவும் அமிலத்தை ஏற்றும்.

ஒன்று மட்டும் மறத்தலாகாது. உணவு தனியே இந்நோயை வெல்வது அரிது. அமிலம் பெரும்பாலும் உடலுக்குள்ளேயே பிறக்கின்றதல்லவா? இவ்வமிலம் உண்டாவதைத் தடுக்கும் அலோபியூரினோல் 1960களில் வழக்கிற்கு வந்தது. அதனை ஆக்கிய எலியன் அம்மையாரும் ஹிச்சிங்சும் 1988 இல் நொபெல் பரிசில் பங்கு பெற்றனர். வலியைத் தணிக்கும் கொல்ச்சிசின் என்னும் பொருள் நம் காந்தட் கிழங்கிலும் உண்டு. ஆனால் மருந்தென்று எண்ணி அக்கிழங்கைத் தின்போர் உயிரிழப்பர். அது கொடிய நஞ்சு. கடையில் வாங்கும் வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்குவது, அமிலத்தை வெளியேற்றும் சிறுநீரகத்தையே கெடுக்கும். அரசாங்க வைத்தியசாலையில் பணமின்றி மருத்துவரைக் காணலாம். இரத்தத்தைச் சோதித்தறிந்து, அவர் சொற்படி நடப்பதே அறிவுடைமை.

நெடுங்காலமாக மன்னர் நோயென்று பெயர் பெற்றது, உழைப்போர் வாயிலிலும் வந்து நிற்கின்றது. அதன் பெயரால் உழைப்பாளியின் கிண்ணத்துப் பருப்பை நாம் பறிக்காதிருப்போமாக.