கொதிகலனில் பற்றவைக்க ஐ.டி.ஐ. சான்றிதழ் மட்டும் போதாது

மும்பை: குர்லாவை அடுத்த செம்பூர், டிராம்பே பகுதிகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் உள்ளன. இத்தகைய ஆலைகளின் கொதிகலன்களில் வெல்டிங் செய்ய ஐ.டி.ஐ. வெல்டர் சான்றிதழ் மட்டும் போதாது. தனி வெல்டர் சான்று கட்டாயம். 1923-ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்தில் 2007-இல் சேர்க்கப்பட்ட இந்த விதி, அதற்கு மாற்றாக வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. மகாராஷ்டிர நீராவிக் கொதிகலன் இயக்ககம் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இயங்குகிறது.

வெல்டரின் திறனை அளக்கப் பரவலாகப் பயன்படுவது ‘6ஜி’ தேர்வு. 45 பாகைச் சாய்வில் அசையாமல் பொருத்தப்பட்ட குழாயைச் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். பட்டறையில் குழாயைச் சுழற்றி, வசதியான நிலையில் பற்றவைக்கலாம். பராமரிப்பில் குழாய் அசையாது. வெல்டர்தான் வளைய வேண்டும். இணைப்பு முதலில் கண்ணால் ஆராயப்படும். பின்னர் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்படும், அல்லது வெட்டியெடுத்த துண்டுகள் வளைத்துப் பார்க்கப்படும். வளைந்த பரப்பில் 3 மி.மீ.க்கு மேல் பிளவு தெரிந்தால் தேர்ச்சி இல்லை.

ஆலையின் ஏனைய குழாய்களுக்குப் பொதுவாக அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதித்தொகுப்பின் 9-ஆம் பிரிவு பின்பற்றப்படுகிறது. அதன்படி, ஒரு பற்றவைப்பு முறையை 6 மாதங்கள் பயன்படுத்தாதவரின் தகுதி அம்முறையில் காலாவதியாகும். ஆலை நிறுத்தக் காலத்தில் மட்டும் அழைக்கப்படும் வெல்டருக்கு இது கடுமையான நிபந்தனை. பணிப் பதிவேடே அவருக்குக் காப்பு. ஒரு நிறுவனம் நடத்திய தேர்வு பொதுவாக மற்றொன்றில் செல்லாது என்பதால், ஒப்பந்ததாரர் மாறினால் கைதேர்ந்தவரும் மீண்டும் தேர்வு கொடுக்க நேரிடும்.