வயலோரம் போன குதிரை: விம்கோ நகர் வட்டாரத்தில் வழியுரிமையின் வரலாறு

விம்கோ நகருக்குப் பெயர் வந்தது தீப்பெட்டியால். ஸ்வீடன் நாட்டு முதலீட்டில் 1923இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் அது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோ ரயில் இங்கு வந்து சேர்ந்த பிறகு, சென்னையின் தெற்கே இருப்பவர்களுக்கும் இந்தப் பெயர் பழகிவிட்டது. அந்தப் பெயருக்குக் கீழே பழைய ஊர்கள் கிடக்கின்றன: சாத்தாங்காடு, எர்ணாவூர், கத்திவாக்கம், திருவொற்றியூர். இவற்றில் எர்ணாவூர் நீங்கலான மூன்றும், நுங்கம்பாக்கம், வியாசர்பாடியோடு சேர்த்து, 1708இல் நவாப் தாவூத் கானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து கிராமங்களில் அடங்கும். நெல் வயலும் உப்பளமும் சவுக்குத் தோப்புமாக இருந்த மண் இது.

அந்த மண்ணில் ஒருவர் குதிரையேறி அடுத்தவர் வயலோரமாகப் போனால் அவருக்கு என்ன உரிமை இருந்தது, என்ன கட்டுப்பாடு இருந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நம் பக்கத்தில் வயலோரக் குதிரை என்பது பெரும்பாலும் அதிகாரத்தின் குதிரை. எனவே மரியாதை என்பது வயல்காரன் ஒதுங்கி நிற்பதாகவே நெடுங்காலம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டங்கள் ஏட்டளவில் அதைச் சமன் செய்தன. சமனானதைப் பயன்படுத்திப் பார்ப்பதற்குள் வயலும் வழியும் சுவருக்குள் போய்விட்டன.

பழைய இலக்கியத்திலேயே இதன் வேர் தெரிகிறது. புறநானூற்றின் 15ஆம் பாட்டில் நெட்டிமையார், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் வெற்றிகளைச் சொல்லும்போது, பகைவரின் விளைந்த வயல்களில் அவன் குதிரை பூட்டிய தேரை ஓட்டியதையும் ஒரு பெருமையாகவே வைக்கிறார். விளைபயிரை மிதிப்பது போரில் வீரம். அதையே அமைதிக் காலத்தில் செய்தால் குற்றம். மகனின் தேர்க்காலில் கன்று மாண்டதற்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழன் கதையை இந்த இரண்டாவது வகைக்குச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அது தெருவில் நடந்தது, வயலில் அல்ல. தெருவில் வேகமாகப் போகிறவன் பொறுப்பாளி என்பதற்கு நமக்குப் பழங்கதை இருக்கிறது. வயலோரம் போகிறவனுக்கு அப்படியொரு கதை இல்லை.

வடமொழி நூல்கள் இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தன. வழியை மறிப்பவனுக்கு அர்த்தசாஸ்திரம் தண்டம் விதிக்கிறது. மனிதரும் சிறு விலங்குகளும் போகும் வழி, பெரிய விலங்குகளின் வழி, யானை வழி, வயலுக்குப் போகும் வழி என்று வகை பிரித்துத் தொகையை ஏற்றிக்கொண்டே போகிறது. மனுஸ்மிருதி வயல்காரனிடம் வேலி கேட்கிறது. ஒட்டகம் தலை நீட்டிப் பார்க்க முடியாத உயரம் வேண்டும். நாயோ பன்றியோ மூக்கை நுழைக்கும் சந்தும் இருக்கக் கூடாது. வேலியில்லாத பயிரை மாடு மேய்ந்தால் மேய்ப்பவனுக்குத் தண்டனை இல்லை. காப்பது உன் வேலை என்று வயல்காரனிடம் சொல்லிவிடும் நீதி இது. வரப்பே எல்லையாக இருக்கும் நஞ்சையில் இந்த வேலி விதி எவ்வளவு தூரம் செல்லுபடியாகியிருக்கும் என்பது சந்தேகம்தான். வரப்பில் முள் அடைத்தால் நீர் பாய்ச்சப் போகிறவன் எங்கே கால் வைப்பான்?

தமிழக நஞ்சையின் ஏற்பாடு வேறு. பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஒரு நிலத்தைச் சொல்லும்போது, இன்ன வதிக்கு (வழிக்கு)க் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று எண்ணிட்டுச் சொல்கிறார்கள். வழியும் நீரும் எவருடைய வயலுக்கும் உள்ளே அடங்காமல், வயல்களை அளக்கும் கோடுகளாக நிற்கின்றன. போகிறவன் யார் நிலத்தையும் மிதிக்காமல் போவதற்கான ஏற்பாடு ஊரின் அமைப்பிலேயே இருந்தது. இதை மீறிப் பயிருக்குள் கால்நடை இறங்கினால் பிடிப்பதற்குத் தலையாரியும் காவல்காரரும் இருந்தார்கள். கம்பெனியின் செங்கல்பட்டு ஜாகீர் நிலத்தில் பார்னார்டு என்ற ஆங்கிலேயர் 1767 முதல் 1774 வரை எடுத்த அளவையின் ஓலைக் கணக்குகளில், களத்து நெல்லில் இத்தகைய ஊர் ஊழியர்களுக்கு உரிய பங்குகள் பதிவாகியிருக்கின்றன.

இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காதது குதிரை. மாடு ஊர்க்காரனுடையது, பிடித்துக் கட்டினால் சொந்தக்காரன் மாலையில் வந்து நிற்பான். குதிரை வெளியிலிருந்து வருவது. ஹைதர் அலியின் படை 1769இல் சென்னையின் வாசல் வரை வந்தது. 1780இல் கர்நாடகச் சமவெளியையே பாழாக்கியது. அந்தத் தலைமுறை உழவனுக்குக் குளம்புச் சத்தம் என்றால் ஓடி ஒளிய வேண்டிய நேரம். போர் ஓய்ந்த பிறகு வந்த குதிரைகளும் அளவைக்காரர், கலெக்டர், பட்டாளத்து அதிகாரி, எண்ணூர்க் கழிமுகத்துக்குக் காற்று வாங்கப் போன வெள்ளைக்காரர் ஆகியோருடையவைதான். சவாரிக்காரர் வரும்போது வரப்பில் நிற்பவன் இறங்கிச் சேற்றில் நிற்பான். அதற்குப் பணிவு என்று பேர்.

இங்கிலாந்தில் கதை இப்படி இல்லை. அங்கே நடைவழி, குதிரைவழி, வண்டிவழி என்று பொதுவழியைச் சட்டமே மூன்றாகப் பிரித்தது. குதிரையில் போகிறவன் அடுத்தவன் மேய்ச்சல் நிலத்தின் ஊடே போகலாம், ஆனால் வழியைவிட்டு இறங்கக் கூடாது, திறந்த படலைச் சாத்திவிட்டுப் போக வேண்டும் என்று பழக்கமும் வளர்ந்தது. நம் நில ஆவணங்களில் வண்டிப்பாதை உண்டு, நடைபாதை உண்டு. குதிரைக்கென்று தனி வகை எழவேயில்லை. குதிரையில் போகிறவன் வழி கேட்க வேண்டிய நிலையில் இல்லை என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த நிலையில்தான் 1871ஆம் ஆண்டின் முதலாம் சட்டமான கால்நடை அத்துமீறல் சட்டம் வருகிறது. 1857இல் இயற்றிய முந்தைய சட்டத்தின் இடத்தில் வந்தது இது. மாகாணத் தலைநகரங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களுக்கே இதைப் பொருத்தினார்கள். ஆகவே சென்னைப் பட்டணத்துக்கு ஒரு நியாயம், எல்லைக்கு வடக்கே அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவொற்றியூருக்கு வேறொரு நியாயம். கால்நடை என்ற சொல்லுக்குள் யானை, ஒட்டகம், குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதை, பன்றி, ஆடு எல்லாவற்றையும் இச்சட்டம் அடைத்தது. பயிரில் இறங்கிச் சேதம் செய்யும் கால்நடையைப் பயிரிடுபவனே பிடிக்கலாம். 24 மணி நேரத்துக்குள் பவுண்டு என்னும் கால்நடைப் பட்டியில் கொண்டுபோய் விட வேண்டும். யானைக்கு 2 ரூபாய், ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா, ஆட்டுக்கு 1 அணா அபராதம். குதிரைக்கு 4 அணா. உழவு மாட்டுக்கும் அதே 4 அணாதான்.

இந்த 4 அணாவில்தான் எனக்கு ஆர்வம். குத்தகைக்காரனின் காளையும் அதிகாரியின் அராபியக் குதிரையும் சட்டத்தின் பட்டியலில் ஒரே வரிசையில், ஒரே விலையில் நிற்கின்றன. பிடித்த கால்நடையை வலுக்கட்டாயமாக மீட்பவனுக்கு ஆறு மாதச் சிறையோ 500 ரூபாய் அபராதமோ உண்டு. நியாயமில்லாமல் பிடித்தவன் 100 ரூபாய் வரை இழப்பீடு கொடுக்க வேண்டும். வாய்க்கால் கரை, சாலை ஆகியவற்றுக்குச் சேதம் செய்யும் கால்நடையையும் பிடிக்கலாம். 1806 வாக்கில் பட்டணத்துக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டி முடித்து, 1878இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் மாறிய நீர்வழியின் கரை இவ்வூர்களின் மேற்கே ஓடுவதால், இந்த விதிக்கு இங்கே வேலை இருந்தது. படகை ஆட்கள் கயிறு கட்டி இழுத்துப் போன கரை அது.

ஆனால் இச்சட்டத்தின் கண் முழுவதும் கால்நடையின் வாய் மீது இருக்கிறது. குளம்பைப் பற்றி அதற்கு அக்கறை குறைவு. மேல் ஆள் இல்லாமல் திரியும் விலங்குதான் அதன் மனக்கண்ணில் நிற்கிறது. சவாரிக்காரனோடு நடுவயலில் நிற்கும் குதிரையை எந்த உழவன் கடிவாளம் பிடித்துப் பவுண்டுக்கு இழுத்துப் போவான்? அந்த நேரத்துக்கு 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் இருந்தது. பயிருக்குச் சேதம் வரும் என்று தெரிந்தே அடுத்தவர் வயலில் கால்நடையை இறக்குவது குற்றம் என்று அதன் 425ஆம் பிரிவு உதாரணத்தோடு சொன்னது. பொதுவழியில் கண்மண் தெரியாமல் சவாரி செய்வது 279ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது.

மரியாதையைச் சட்டமாக எழுதியது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். முதலில் இது நடைமுறைக்கு வந்த மாகாணங்களில் சென்னையும் ஒன்று. 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, சச்சரவின்றி ஒருவர் நிலத்தின் வழியே போய்வந்தால் அது உரிமையாகும். ஒரு வகை வழியுரிமை மற்றொரு வகையைத் தராது என்கிறது 28ஆம் பிரிவு. நடந்து போகும் உரிமை பெற்றவன், அதைச் சொல்லிக் குதிரையை ஓட்ட முடியாது. நிலத்துக்காரருக்கு மிகக் குறைந்த தொந்தரவு தரும் முறையில் உரிமையைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. அதன் உதாரணப்படி, வழியின் இரு முனைகளில் ஒன்றில்தான் நுழைய வேண்டும், நடுவில் எங்கோ வரப்பேறி உள்ளே வரக் கூடாது. நிலத்துக்காரர் வழியைக் கெடுத்துவிட்டால், நியாயமான அளவுக்கு விலகி அவருடைய பக்கத்து நிலத்தில் கால் வைக்கலாம். இரு தரப்புக்கும் இவ்வளவு நுணுக்கமாகப் பேசும் சட்டம் நம்மிடம் அதிகமில்லை. அண்டை அயலாரிடம் நடந்துகொள்ளும் விதத்தை விதியாக்கிய நூல் என்றே இதை வாசிக்கலாம்.

இருந்தும் யாருக்கு வழி என்ற கேள்விக்கு இவை பதில் சொல்லவில்லை. வயல்களுக்கு அப்பால் தள்ளி வைக்கப்பட்ட சேரிகளிலிருந்து ஊர்ச்சாலைக்கும் சுடுகாட்டுக்கும் போகும் பாதைகள் பெரும்பாலும் பிறர் வயலின் வழியேதான் போயின. அதில் நடப்பதே தகராறு. குதிரையேறுவது நினைத்தும் பார்க்க முடியாதது. பொதுச்சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் சமூகத் தடைகளை நீக்கும் மாகாணச் சட்டம் வந்தது. திருமண ஊர்வலத்தில் தலித் ஒருவர் குதிரையேறுவதைத் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லி எழுதுவதற்கு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. குதிரைக்கு 4 அணா விதித்துச் சமன் செய்த நாளிலிருந்து, குதிரைமேல் உட்காரும் ஆளைச் சமன் செய்ய 145 ஆண்டுகள்.

அதற்குள் விம்கோ நகர் வட்டாரத்தில் வயலே இல்லை. தீப்பெட்டி ஆலையைத் தொடர்ந்து எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் 1955இல் என்ஃபீல்டு, பிறகு அனல்மின் நிலையம் என்று மதில்கள் எழுந்தன. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, அரசு கையகப்படுத்திய நிலம் எல்லா வில்லங்கங்களும் நீங்கி அரசைச் சேர்ந்தது. பக்கத்து வயல்காரனின் வழியுரிமையும் அந்த வில்லங்கங்களில் ஒன்று. தனியாரிடம் கிரயத்துக்கு வாங்கிய நிலத்தில்கூட, 20 ஆண்டுகள் பயன்படுத்தாத உரிமை வசதியுரிமைச் சட்டத்தின் 47ஆம் பிரிவில் இறந்துபோகும். மதிலுக்கு வெளியே நின்றவர் ஒரு தலைமுறை சும்மா இருந்தாலே போதும்.

குதிரைக்கு மிஞ்சிய உரிமை மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 132ஆம் பிரிவின்படி, தன் விலங்கு வண்டியைக் கண்டு மிரளும் என்று அஞ்சி, அதை நடத்திச் செல்பவர் கேட்டுக்கொண்டால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தியாக வேண்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் சாலையில் இதைச் சொல்லிப் பார்க்கத் துணிச்சல் வேண்டும்.

இந்த வரலாற்றில் இன்னும் செய்யாமல் கிடக்கும் வேலை ஒன்று உண்டு. சாத்தாங்காடு, எர்ணாவூர், கத்திவாக்கம் கிராமங்களின் பழைய அளவைப் படங்களையும் நிலக் கணக்கான ‘அ’ பதிவேடுகளையும் எடுத்து, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று குறித்த சர்வே எண்கள் ஒவ்வொன்றும் இன்று எந்த மதிலுக்குள், எந்தத் தெருவுக்கு அடியில் இருக்கின்றன என்று வரைபடமாக்க வேண்டும். வடசென்னைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும். பழைய பாதைகளில் நடந்த ஆட்கள் சிலர் இன்னும் இவ்வூர்களில் இருக்கும்போதே இது நடக்க வேண்டும்.