தேர்தற் செலவும் தேர்தற் சட்டமும்

இறக்காமம் குளத்தின் அயலிலுள்ள வரிப்பத்தான்சேனை, கல்முனைக் கரையோரத்திலிருந்து உள்ளே தள்ளி அமைந்த முஸ்லிம் உழவர் கிராமம். கிழக்கிலங்கையின் இத்தகைய நெற்செய்கை ஊர்களில் போடியார் எனப்பட்ட நிலக்காரருக்கும் முல்லைக்காரர் எனப்பட்ட உழவருக்கும் இருந்த உறவு வெறும் குத்தகைக் கணக்கன்று. விதைநெல்லும் கடனும் போடியாரின் கையிலிருந்தே வந்தன. அவர் காட்டிய பக்கம் வாக்கும் செல்லும் என்று அபேட்சகர்கள் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. தேர்தலில் செல்வத்தின் ஆட்சி எத்தகையது என்று அறிய விரும்புவோர் தலைநகரின் பெருவணிகரை மாத்திரம் நோக்கினாற் போதாது.

ஒரு காலத்தில் இந்த ஆட்சிக்கு மறைவே வேண்டியிருக்கவில்லை. 1924ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை, வருமானம், சொத்து, எழுத்தறிவு என்னும் தகுதிகளால் வரையறுக்கப்பட்டிருந்தது. சனத்தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரே வாக்காளர். டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது முல்லைக்காரரும் போடியாரும் வாக்குச்சாவடியில் ஒரே நிறையினராயினர். அதுவரை வாயிலில் நின்று பிறரைத் தடுத்த செல்வம், அதன் பின்னர் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அந்த வழியை அடைப்பதற்கு இங்கிலாந்தில் 1883ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அபேட்சகர் இவ்வளவுதான் செலவிடலாம். செலவு தேர்தல் முகவர் ஒருவரின் கைவழியே நடைபெற வேண்டும். முடிவில் கணக்குக் காட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டைத் தழுவியே 1946ஆம் ஆண்டின் இலங்கைப் பாராளுமன்றத் தேர்தற் கட்டளை பிறந்தது. வாக்காளருக்குப் பணம் கொடுப்பதுடன், வாக்கை எண்ணி விருந்தளிப்பதும் அதிற் குற்றமாயிற்று. வரம்பு மீறினாலும் கணக்கை மறைத்தாலும் தண்டனை உண்டு. சட்டம் எங்கும் முழுமையாகக் கைக்கொள்ளப்பட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் வரம்பு ஒன்று எழுத்தில் இருந்தது.

1947இல் இன்றைய அம்பாறைக் கரையோரம் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே கல்முனை, பொத்துவில் எனத் தனித்தனித் தொகுதிகள் இருந்தன. தன் தொகுதியை ஓர் அபேட்சகர் ஊர் ஊராகச் சுற்றி வரலாம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்ததும் நிலைமை மாறியது. 1982ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பினாற் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டமையால், புதிய முறையிலான முதலாவது பொதுத் தேர்தல் 1989இலேயே நடைபெற்றது. அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் ஆகிய நான்கும் திகாமடுல்ல என்னும் ஒரே தேர்தல் மாவட்டமாயின. விருப்பு வாக்கை வேண்டுபவர் அந்த மாவட்டம் முழுவதிலும் அறியப்பட வேண்டும்; எதிர்க்கட்சியினருடன் மாத்திரமன்றித் தம் கட்சியினருடனும் போட்டியிட வேண்டும். இதற்குப் பெரும்பணம் வேண்டும்.

வியப்புக்குரியது யாதெனில், செலவு பெருகவிருந்த அதே வேளையிலேதான் வரம்பு நீங்கியது. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தற் சட்டத்திற் செலவுக்கு உச்ச எல்லை இடம்பெறவில்லை. வாக்காளர் ஒருவருக்கு வாக்கின் பொருட்டுச் சோறு போடுவது குற்றமாகவே தொடர்ந்தது. கோடிக்கணக்கில் விளம்பரம் செய்வதற்கோ எல்லை இல்லை. ஏழை அபேட்சகரின் கையைக் கட்டிவிட்டுச் செல்வரின் கையை அவிழ்த்த இந்நிலை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம் அந்தக் குறையை நீக்க வந்தது. 2024ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என ஆணைக்குழு வரையறுத்தது. பதிவுபெற்ற வாக்காளர் 17,140,354 பேர்; ஆகவே ஓர் அபேட்சகரின் எல்லை 186 கோடி ரூபாவுக்கும் மேற்பட்டது. இது வரம்பா, வழிவிடலா என்று கேட்கத் தோன்றும். முகம் காட்டாதவரின் பணத்தையும் அந்நிய நாட்டாரின் பணத்தையும் ஏற்றல் இச்சட்டப்படி ஆகாது. முடிவு வெளியானதிலிருந்து 21 நாட்களுக்குள், செலவுடன் நன்கொடையின் விவரமும் ஒப்படைக்கப்பட வேண்டும்.

2024 நவம்பர் 14ஆம் நாள் நடைபெற்ற பொதுத் தேர்தலிலும் இந்த விதியே செல்லுபடியாயிற்று. திகாமடுல்லையின் 7 ஆசனங்களுக்குப் போட்டியிட்டோர், வென்றோராயினும் தோற்றோராயினும், தமக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டியவராயினர்.