மருந்துக் கடைக்காரரின் சுருதிக் கணக்கு

"மருந்து வித்த காசுல பாட்டுக்கு மாநாடா சார்?" என்று விடுதித் தம்பி ஒருவன் கேட்டான். ஆமாம் தம்பி, நிஜந்தான்.

ஆபிரகாம் பண்டிதர் 1859-இல் தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி. அங்கேயே வயலினும் கற்றார். தஞ்சைக்கு வந்து கணவனும் மனைவியுமாகப் பள்ளிக்கூட வேலை பார்த்தார்கள். அதை விட்டுச் சித்த மருந்துத் தொழிலில் இறங்க, சஞ்சீவி மாத்திரைகள் பேர் வாங்கின. ஊருக்கு வெளியே 'பண்டிதர் தோட்டம்' எழும்பியது.

பாட்டு அவருக்குப் பிழைப்பல்ல. ஆனால் ஒரு சந்தேகம் ஆளை விடவில்லை. ஸ்தாயிக்குச் சுருதி 22 என்கிறார்களே, கணக்கு இடிக்கிறதே? சிலப்பதிகாரத்தையும் உரைகளையும் துருவி, பன்னிரண்டு சுரத்தையும் சரிபாதியாக்கி 24 என்று வந்து நின்றார். சொன்னால் யார் கேட்பார்கள்? 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் தொடங்கி, 1916-க்குள் ஏழு மாநாடு கூட்டி, வித்வான்களை வரவழைத்து வாதாட வைத்தார். எல்லாம் கைக்காசு! 1916-இல் பரோடா மாநாட்டுக்கே வீட்டுப் பெண்களை அழைத்துப் போய்ப் பாடிக் காட்ட வைத்தார். சர்ச்சை அதோடு தீரவில்லை.

1917-இல் 'கருணாமிர்த சாகரம்' சொந்த அச்சகத்திலேயே வந்தது. 1919-இல் பண்டிதர் மறைந்தார். 24-ஐ இன்றும் எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கே முழுக்கப் பிடிபடவில்லை. நூலகத்தில் கிடைத்தால் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பாருங்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல், கை கடுக்கும்.