சின்னமும் நாணயமும்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் உள்ள தொம்மலூரில் சொக்கநாத சுவாமி கோயில் இருக்கிறது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள், இவ்வூர் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வழங்கியதைத் தெரிவிக்கின்றன. பட்டணம் என்பது வணிகர் கூடிய ஊர். தேசி என்பது பல நாடுகளுக்கும் சென்று வாணிகம் செய்தோரைக் குறித்த சொல். 1809ஆம் ஆண்டில் பெங்களூர்க் கண்டோன்மென்ட் அமைந்தபின், தமிழகத்திலிருந்து மீண்டும் பலர் இப்பகுதிகளுக்கு வந்து குடியேறினர்.

அயலூரில் வாழ்வோர்க்குக் கடைத்தெருவில் உண்டாகும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. பொட்டலத்தின் மேலுள்ள எழுத்து அவர்கள் அறியாத மொழியின் எழுத்தாக இருக்கலாம். அப்பொழுது அவர்கள் கண்ணுக்குத் துணையாவது படமே. யானையையோ, பறவையையோ, பெண்ணின் உருவத்தையோ நம்பியே காசு கொடுக்கிறோம். அப்படத்தைப் பிறன் ஒருவன் திருடினால் இருவர் இழப்பர்: உழைத்துப் பெயர் தேடிய வணிகர் ஒருவர், நம்பி வாங்கிய ஏழை மற்றொருவர். இவ்விருவரையும் காக்கும் சட்டம் நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது என்பதை இங்கே காண்போம்.

தொடக்கத்தில் சின்னங்களைப் பதிவு செய்யும் சட்டம் இங்கு இல்லை. போலி முத்திரையிடுவதை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் குற்றமாக்கியது. 1889இல் சரக்குக் குறிகள் பற்றிய சட்டம் வந்தது. தன் சரக்கைப் பிறர் சரக்கென்று காட்டி விற்பவனைத் தடுக்குமாறு உரிமையியல் நீதிமன்றத்தையும் அணுகலாம். பதிவு முறையை முதன்முதலில் கொணர்ந்தது 1940ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டமே. அதன் இடத்தில் 1958ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1999ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. இறுதியாகச் சொன்னது 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

1940ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த பெரு வழக்குகளுள் ஒன்று சிதம்பரத்தைச் சேர்ந்தது. ஜேம்ஸ் சாட்விக் என்னும் ஆங்கிலக் கம்பெனி, சிறகு விரித்த கழுகைச் சின்னமாகக் கொண்டு தையல் நூல் விற்றுவந்தது. சிதம்பரத்து நேஷனல் தையல் நூல் கம்பெனியும் கழுகுச் சின்னத்தோடு நூல் விற்கத் தொடங்கியது. எதிர்ப்பு வந்ததும் ‘ஈகிள்’ என்ற பெயரை ‘வல்ச்சர்’ என்று மாற்றிக்கொண்டது. பறவையோ சிறகு விரித்தபடியே நின்றது. அச்சின்னத்தைப் பதிவு செய்யவும் விண்ணப்பித்தது. ஆங்கிலத்தில் இவை இரு பெயர்கள். தமிழில் இரண்டையும் கழுகு என்றே சொல்கிறோம். ஊசிக்கு நூல் வாங்க வரும் கிழவிக்கு இவ்வேறுபாடு விளங்குமா? 1953 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பதிவுக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. மக்கள் ஏமாறமாட்டார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, பதிவு கேட்பவரையே சாரும் என்பதும் அத்தீர்ப்பால் உறுதியாயிற்று.

அடுத்தது மைசூர் வழக்கு. பார்லே கம்பெனியின் குளுக்கோ பிஸ்கட் உறையில், பசுக்களும் கோழிகளும் சூழ ஒரு பெண் நீர்ப்பாத்திரம் ஏந்தி நிற்பாள். மைசூர்க் கம்பெனி ஒன்றின் உறையிலும் பசுக்களும் கோழிகளும் பெண்ணும் உண்டு; அவள் தலையில் மட்டும் வைக்கோற்கட்டு. மைசூரிலுள்ள நீதிமன்றங்கள் இவை வெவ்வேறு என்று கருதின. 1972 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. இரண்டு உறைகளையும் அருகருகே வைத்து நுணுகி ஆராய்வது முறையன்று. வாங்குபவர் துப்பறிவாளர் அல்லர். முன்பு கண்டதன் பொதுவான தோற்றமே அவர் நினைவில் நிற்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பதிவுத்தாள் மட்டும் போதுமா என்னும் வினாவுக்குத் திருநெல்வேலி விடை தந்தது. இருட்டுக்கடை அல்வாவின் பெயரை அறியாத தமிழர் அரியர். அப்பெயரின் முன்னே ஊரின் பெயரைச் சேர்த்து மற்றொருவர் அல்வா விற்றார். பதிவு இரு தரப்பாரிடமும் இருந்தது. முன்னதாகப் பெயரை வழங்கி நம்பிக்கை ஈட்டியவரின் உரிமையே மேலானது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

இம்மூன்று வழக்குகளும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. சட்டம் அளவுகோலாகக் கொள்வது கற்றவரின் கூர்மையை அன்று. சாதாரண மக்களின் நினைவையே. கையெழுத்திடவும் அறியாத ஒரு தொழிலாளி, படத்தைப் பார்த்துப் பொருள் வாங்கும்போது அவர் கொண்ட நம்பிக்கையை உச்ச நீதிமன்றம் மதிக்கிறது. பிற மாநிலங்களில் கடை நடத்தும் நம்மவர் இதனை இருவகையிலும் கருதவேண்டும். நம் பெயருக்கு நேர்ந்தால் காலம் கடத்தாமல் உரிமையை நாடுவோம். பிறர் பெயரின் நிழலில் நம் சரக்கை வைக்காதிருப்போம். தேசிமாணிக்கப்பட்டணம் போன்ற ஊர்களில் வந்து தங்கிய வணிகருக்கும் நாணயமே முதலாக இருந்திருக்கும். வேற்றூரில் நமக்கும் அதுவே முதல்.